தப்பவிட்ட கோப்புகளின் பட்டியல்

இன்று அலுவலகத்துக்குப் பாதுகாப்பு மென்பொருள் விற்க இருவர் வந்தார்கள். "எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே பார்த்துக்கொள்ளும்" என்றார் மூத்தவர். எனக்கு 2019 நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டு ஜூலையில், ஆஸ்திரேலியாவின் ஸ்கைலைட் சைபர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சைலன்ஸ் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளை ஏமாற்றிக் காட்டினார்கள். அதன் எந்திரக் கற்றல் மாதிரி, அதாவது ஒரு கோப்பு நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யும் செயற்கை நுண்ணறிவு, ஒரு பிரபல கணினி விளையாட்டை அளவுக்கு மீறி நம்பியது. அந்த விளையாட்டின் கோப்பிலிருந்த எழுத்துத் தொடர்களை எடுத்து, கணினிக்குத் தீங்கு செய்யும் தீநிரலின் வாலில் ஒட்டினார்கள். அவ்வளவுதான். தீநிரலின் வேலை துளியும் மாறவில்லை. மென்பொருளின் கண்ணுக்கு மட்டும் அது நல்ல பிள்ளையாகிவிட்டது!

"உங்கள் எந்திரக் கற்றல் மாதிரி தவறினால் அடுத்து எது தடுக்கும்? நல்ல கோப்புகளை எத்தனை முறை முடக்கியிருக்கிறது?" என்று கேட்டேன். மூத்தவர் சுற்றி வளைத்தார். உடன் வந்த இளம் பொறியாளர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, சோதனையில் தாங்கள் தப்பவிட்ட கோப்புகளின் பட்டியலைத் திறந்தார். விற்க வந்த இடத்தில் அதைக் காட்டத் துணிவு வேண்டும். மீதி நேரம் முழுவதும் அதைத்தான் வரிவரியாகப் படித்தோம்.

எதையும் தானாக முடக்காமல் எச்சரிக்கை மட்டும் தரும்படி, ஒரு மாதம் இருபது கணினிகளில் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறேன். திங்கட்கிழமை தொடங்குகிறோம்.