பயிற்றுவிப்பு வடிவமைப்பில் முதுநிலை முடிப்போர் தம் பணியைக் காட்டும் முறை: டெல்டாவிலிருந்து ஓர் அனுபவ வழிகாட்டல்

பயிற்றுவிப்பு வடிவமைப்பும் கல்வித் தொழில்நுட்பமும் படிப்பவர்களுக்குக் கடைசிப் பருவத்தில் வந்து சேரும் பெரிய வேலை, இரண்டு ஆண்டுகளில் செய்தவற்றை ஒரு போர்ட்ஃபோலியோவாகத் தொகுத்து முதலில் வைவா (வாய்மொழித் தேர்வு) குழுவுக்கும் பின்னர் வேலை தருவோருக்கும் காட்டுவதுதான். திருச்சியில் இந்தப் படிப்பை முடித்து இப்போது மின்வழிப் பயிற்சித் துறையில் பணிபுரியும் எனக்கு, விண்ணப்பதாரர்களின் தொகுப்புகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பும் சில காலமாக இருக்கிறது. திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து மாணவர்கள் அனுப்பும் தொகுப்புகளில் உழைப்புக்குக் குறைவே இல்லை. அந்த உழைப்பு எந்த இடத்தில் நடந்தது என்பது மட்டும் பார்ப்பவருக்குப் பிடிபடுவதில்லை.

ஒரு பாடத்தொகுதியைத் திறந்தால் தெரிவது அனிமேஷன், பின்னணிக் குரல், பொத்தான்கள், கடைசியில் ஒரு வினாடி வினா. வடிவமைப்பாளர் எதைச் சுருக்கினார், எந்த யோசனையைக் கைவிட்டார், கற்பவரின் எந்தச் சிரமத்தைக் கண்டு பாடத்தின் வரிசையை மாற்றினார் என்பவை திரையில் வருவதில்லை. வேலை தருபவர் அறிய விரும்புவதோ அவற்றைத்தான். ஏனெனில் மென்பொருளை ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம், தீர்மானம் எடுக்கும் பழக்கத்தை அப்படிக் கற்றுக்கொடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு படைப்போடும் இரண்டு பக்க அளவில் ஒரு தீர்மானக் குறிப்பு இருக்க வேண்டும் என்பதையே இந்தக் கட்டுரையில் வலியுறுத்துகிறேன். அதை எப்படி எழுதுவது என்பதற்கு என் முதுநிலைத் திட்டத்தையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன்.

நெற்பயிருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) எப்போது தேவை என்பதை அறிய இலை வண்ண அட்டை என்ற ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட பட்டைகள் கொண்ட சிறிய பிளாஸ்டிக் அட்டை அது. நடவு செய்து 14 நாள் ஆனதும் தொடங்கி, கதிர் வரும் வரை வாரம் ஒரு முறை வயலில் பத்து இலைகளை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் அந்த இரகத்துக்கு உரிய எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அப்போது மேலுரம், அதாவது வளரும் பயிருக்கான தழைச்சத்து உரம், இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3, மற்ற இரகங்களுக்குப் பெரும்பாலும் 4. இதைச் சிறு விவசாயிகளுக்கும் குத்தகைதாரர்களுக்கும் கைப்பேசி வழியாகக் கற்பிப்பதே என் திட்டம்.

முதலில் யாருக்கும் தோன்றும் வடிவம், திரையில் ஓர் இலையையும் பக்கத்தில் அட்டையின் பட்டைகளையும் காட்டி, பொருத்தச் சொல்லும் பயிற்சிதான். பார்க்க அழகாக இருக்கும், தேர்வாளர்களுக்கும் பிடிக்கும். ஆனால் கைப்பேசிக்குக் கைப்பேசி பச்சை நிறம் மாறுகிறது. திரையின் ஒளி அளவு, கண்ணுக்கு இதமான மஞ்சள் முறை, உச்சி வெயில் என ஒவ்வொன்றும் நிறத்தைத் திரித்துவிடும். அட்டையின் பயன் முழுவதும் நிறத்தின் துல்லியத்தில் இருக்கும்போது, நிறம் திரியும் ஒரு கருவியில் அதைப் பயிற்றுவது கற்பவரைத் தவறாகப் பழக்குவதாகும். ஆகவே நிறம் பொருத்தும் பயிற்சியைத் திரையிலிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டு, அதை வயலில் நிஜ அட்டையைக் கையில் கொடுத்துச் செய்யும் செயலாக மாற்றினேன். திரையில் எஞ்சியவை, எந்த இலையைத் தேர்ந்தெடுப்பது, இலையைப் பறிக்காமல் அட்டையின் மேல் வைப்பது எப்படி, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று உடம்பின் நிழலில் பார்ப்பது ஏன், ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பார்ப்பது ஏன் என்பவை மட்டுமே. தொகுதியின் நீளம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது.

இந்தச் சுருக்கமே என் தொகுப்பில் அதிகக் கேள்விகளையும் நல்ல உரையாடலையும் கொண்டுவந்தது. கல்வித் தொழில்நுட்பம் படித்தவர், இந்த இடத்தில் தொழில்நுட்பம் வேண்டாம் என்று காரணத்தோடு சொல்வதை நான் உயர்ந்த தகுதியாகவே மதிக்கிறேன். அத்தகைய குறிப்பு ஒன்றாவது தொகுப்பில் இருக்கட்டும்.

தீர்மானக் குறிப்பில் கற்றல் நோக்கத்தை எழுதும் வரியில் மாணவர்கள் பலர் ‘புரிந்துகொள்வர்’, ‘விழிப்புணர்வு பெறுவர்’ என்று முடித்துவிடுகிறார்கள். அமெரிக்கக் கல்வியியலாளர் ராபர்ட் மேகர் 1962-இல் வகுத்துத் தந்த முறையில் செயல், அது நடக்கும் சூழல், ஏற்கத்தக்க தரம் ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். என் திட்டத்தில் அது இவ்வாறு அமைந்தது: ‘நடவு வயலில், அட்டையும் பென்சிலும் கையில் இருக்கும்போது, கற்பவர் பத்து இலைகளை நிழலில் வைத்துப் பார்த்துக் குறித்து, மேலுரம் இடலாமா வேண்டாமா என்று சொல்வார், அந்த முடிவு உடன் வரும் வேளாண் அலுவலரின் முடிவோடு ஒத்திருக்க வேண்டும்.’ இப்படி எழுதிவிட்டால் மதிப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிவிடுகிறது. வினாடி வினாவுக்கு அங்கே வேலை இல்லை.

கோட்பாடுகளைக் குறிப்பிடும்போது, அவற்றைப் பின்பற்றிய இடத்தைவிட மீறிய இடத்தை விளக்குவது பயன் தரும். படம், குரல், அதே குரலின் எழுத்து வடிவம் மூன்றையும் ஒன்றாகத் திரையில் காட்டினால் கற்பவருக்குச் சுமை கூடும் என்பது கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வு வழி வந்த கொள்கை. வரப்பில் நின்று பார்ப்பவருக்குப் பக்கத்து மோட்டார் கொட்டகையின் இரைச்சலில் குரல் கேட்காது என்பதால், முக்கியச் சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் திரையில் விட்டேன். இதற்கு மாறாக, ஏடிடிஐஇ (பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயல்படுத்தல், மதிப்பீடு) என்ற ஐந்து கட்ட வட்டப்படத்தை முதல் பக்கத்தில் ஒட்டுவதால் எதுவும் தெரியவராது. அமெரிக்க இராணுவப் பயிற்சிக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1975-இல் உருவான மாதிரி அது. வைவா குழுவில் இருப்பவர்கள் அனைவரும் அதைப் பாடமாகவே நடத்தியவர்கள்.

மூன்று படைப்புகள் போதும், அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டவையாக இருந்தால். வயல்சார்ந்த ஒன்றோடு, பள்ளிப் பாடம் சார்ந்த ஒன்றும் பணியாளர் பயிற்சி சார்ந்த ஒன்றும் இருப்பது நல்லது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடுகள் வந்து, மின்வழிப் பாடங்களுக்கான அரசின் திக்‌ஷா தளத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால், பள்ளிப் பாடத்துக்கு எழுதும் தொகுதி எந்த வகுப்பின் எந்தப் பாடத்தில் பொருந்தும் என்பதைக் குறிப்பிட்டுக் காட்ட முடியும். பணியாளர் பயிற்சிக்கு டெல்டாவில் களம் தேடி அலைய வேண்டியதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். கருவி 19 காட்டுகிறது, மழை வரும் போலிருக்கிறது, மூட்டைகளோடு விவசாயி காத்திருக்கிறார். அங்கே பணிபுரிபவர் என்ன சொல்ல வேண்டும், எதைப் பதிவு செய்ய வேண்டும் என்று கிளை பிரியும் சூழல் பயிற்சி ஒன்றை எழுதினால், அது எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பயிற்சிக்கும் ஈடாக நிற்கும்.

குழுவாகச் செய்த பணியாக இருந்தால் உங்கள் பங்கு எது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். ‘நாங்கள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தவுடன் நேர்காணலில் எழும் கேள்வி அதுதான். ஸ்டோரிபோர்டு (திரைக்குத் திரை என்ன வரும் என்ற வரைவு) எழுதியவர், குரல் கொடுத்தவர், எச்5பி என்ற ஊடாடு பாடக் கருவியில் கட்டியவர் என்று பிரித்துச் சொல்வதால் யாருடைய மதிப்பும் குறையாது. ஸ்டோரிபோர்டின் முழுக் கோப்பையும் தர வேண்டாம். பொருள் வல்லுநர் சிவப்பு மையில் திருத்திய ஒரு பக்கத்தையும் திருத்தத்துக்குப் பின் அது மாறிய விதத்தையும் அருகருகே வைத்தால் போதும்.

தமிழில் செய்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு வேறு கணினியில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் திறக்கும். ஆகவே தொடக்கம் முதல் ஒருங்குறியிலேயே (யூனிகோட்) எழுத வேண்டும். அடோபி மென்பொருள்களில் வேர்ல்டு-ரெடி கம்போசர் தேர்வு செய்யப்படாவிட்டால் ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ‘பொன்னி’ என்ற சொல்லே சிதைந்து கிடக்கும் ஒரு திரையைத் தமிழறிந்த தேர்வாளர் பார்த்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் கோட்பாடு எதுவும் அவர் காதில் ஏறாது. சென்னை, பெங்களூரு நிறுவனங்களில் பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்பதால், ஆங்கிலத் துணைத்தலைப்பிட்ட இரண்டு நிமிட விளக்கக் காணொளி ஒன்றையும் சேர்த்து வையுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையாமல் இருப்பது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வலைப்பக்கங்களை அமைப்பதற்கான அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளின் இடைநிலைத் தேவை. வெயிலில் கைப்பேசி பார்ப்பவருக்கும் அது உதவும்.

படைப்பு நீண்ட நாள் திறக்கக் கூடியதாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அடோபி நிறுவனம் ஃபிளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தியபோது அதில் செய்யப்பட்டிருந்த பாடத்தொகுதிகள் உலாவிகளில் திறக்காமல் போயின. மின்வழிப் பாடங்களைப் பொதியும் பொதுத் தரமான ஸ்கார்மில் உள்ள பொதியை இருமுறை சொடுக்கினால் அது பாடமாக ஓடாது, அதற்கு மூடுல் போன்ற ஒரு கற்றல் மேலாண்மை அமைப்பு வேண்டும். பல்கலைக்கழக சர்வரில் உள்ள உங்கள் கணக்கோ படிப்பு முடிந்ததும் மூடப்படலாம். திரைப்பதிவாக எடுத்த காணொளி, பிடிஎஃப், மூலக்கோப்பு மூன்றையும் உங்கள் கைவசம் வைத்திருங்கள்.

பள்ளியில் சோதித்த படைப்பாக இருந்தால் மாணவர்களின் முகம், பெயர், எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறை தரும் மாணவர் அடையாள எண்) எதுவும் தொகுப்பில் வரக்கூடாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னது அதற்கு ஈடாகாது.

வைவாவில் நிச்சயமாக வரும் கேள்வி ஒன்று உண்டு: ‘இதை ஒரு துண்டுப் பிரசுரமாக அச்சிட்டுக் கொடுத்தால் போதாதா?’ இதைத் தாக்குதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போதும் என்றால் எந்தப் பகுதிக்குப் போதும், எந்தப் பகுதிக்குப் போதாது என்று பிரித்துச் சொல்லுங்கள். இலை வண்ண அட்டையே ஓர் அச்சிட்ட வேலைத்துணைதான், அதாவது வேலை செய்யும்போதே பார்த்துக்கொள்ளும் உதவிக் குறிப்பு. அதைப் பிடிக்கும் முறையை அசைவோடு காட்டத்தான் காணொளி தேவைப்பட்டது என்பதே நான் தந்த பதில்.

கடைசியாக, பயன் விளைந்ததா என்ற கேள்வி. பயிற்சியின் பயனை அளக்க டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்த நான்கு நிலைகளில், கற்பவரின் கருத்தையும் கற்றலையும் ஒரு பருவத்துக்குள் திரட்டிவிடலாம். வயலில் பழக்கம் மாறியதா என்பதற்கு மறு போகம் வரை காத்திருக்க வேண்டும். யூரியாச் செலவும் விளைச்சலும் என்னவாயின என்பதற்கு அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும். எட்டாத நிலைக்கு எண் போட்டுக் காட்டாதீர்கள். பழக்க மாற்றம் என்ற மூன்றாம் நிலையை எப்படி அளப்பீர்கள் என்ற திட்டத்தை மட்டும் எழுதி வையுங்கள், குழு அதை ஏற்றுக்கொள்ளும்.

இதில் டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கல், கல்லூரி நாட்காட்டியும் பயிர் நாட்காட்டியும் ஒத்துப்போகாதது. மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12-இல் திறக்கப்படும் ஆண்டுகளில், குறுவைக்கு மேலுரம் இடும் காலம் ஜூலை, ஆகஸ்டில் வந்துவிடும். அப்போது மாணவர் மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் தலைப்பைத் தேடிக்கொண்டிருப்பார். ஜனவரியில் ஒப்புதல் கிடைத்து வயலுக்குப் போனால் சம்பா அறுவடைக்கு நிற்கும், சில வாரங்களில் அதே நிலத்தில் உளுந்தும் பயறும் முளைத்திருக்கும். ஆகவே நெல் சார்ந்த தலைப்பை எடுப்பவர்கள் இரண்டாம் பருவத்தின் விடுமுறையிலேயே வழிகாட்டியிடம் பேசி, முதல் வடிவத்தைக் குறுவையிலும் திருத்திய வடிவத்தைச் சம்பா, தாளடியிலும் சோதிக்கும்படி அட்டவணை போட்டுக்கொள்ள வேண்டும். ஜனவரிக்கு முன் ஒப்புதல் கிடைக்காது என்ற நிலையில் இருப்பவர்கள் நெல் தரிசில் உளுந்து சாகுபடியைத் தலைப்பாக எடுத்தால், மார்ச் மாதத்தில் பயிரும் இருக்கும், கற்பவர்களும் வயலில் இருப்பார்கள்.