முன்னாலிருந்து போடுப்பா

கிண்டி ரேஸ் கோர்ஸில் சில சீசன்கள் வீடியோ அறையில் வேலை பார்த்தேன். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்துக்குச் சீல் வைத்ததற்கு வெகுகாலம் முன்பு. ரேஸ் முடிந்ததும் ஸ்டீவர்டுகள், அதாவது ஓட்டத்தில் தவறு நடந்ததா என்று விசாரிக்கும் நடுவர்கள், சொல்லும் இடத்தில் படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டுக் காட்ட வேண்டும். குதிரைமேல் ஏறியவன் இல்லை. லாயத்துப் பக்கம் போனால் எனக்குத் தும்மல்தான் வரும். ஆனால் ஒரு குதிரை இன்னொன்றை முந்துவதை அவ்வளவு மெதுவாக, அத்தனை முறை பார்க்க எல்லாருக்கும் வாய்க்காது.

ஸ்டாண்டில் இருப்பவர் பார்ப்பது பக்கவாட்டுக் காட்சி. யார் முன்னால், யார் பின்னால் என்பது அதில் நன்றாகத் தெரியும். குதிரை இடம் வலமாக நகர்வது தெரியவே தெரியாது. நேர்பாதையின் கோடியில் எதிரே நிற்கும் கேமராவில், அதாவது முன்னாலிருந்து பார்த்தால், கதை தலைகீழ்: யார் யார் பக்கம் சாய்ந்தார்கள் என்பது பளிச்சென்று தெரியும், நடுவில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பது தெரியாது. அதனால் இரண்டையும் ஒரே நொடியில் நிறுத்தி அடுத்தடுத்துப் பார்ப்பார்கள். பக்கத்திலிருந்து பார்த்து விசிலடிக்கத் தோன்றிய எத்தனையோ ஓட்டங்கள், எதிரேயிருந்து பார்த்தால் அடுத்தவன் பாதையில் குறுக்கே விழுந்து வாங்கியவையாக இருக்கும்.

குதிரையை ஓட்டும் ஜாக்கியின் கணக்கு வளைவிலேயே தொடங்கிவிடுகிறது. உள்பக்கத் தடுப்பை ஒட்டிப் போகும் குதிரைக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி ஓடினால், அரைவட்ட வளைவு முடிவதற்குள் மூன்று மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியிருக்கும். ஒரு குதிரை நீளம், அதாவது ஒரு லெங்த், சுமார் 2.4 மீட்டர்தான். இரண்டு குதிரைக்கு வெளியே சுற்றி வந்தவன் இரண்டரை லெங்த்தைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறான். சரி, உள்ளேயே போகலாமே என்றால், அங்கே அடைபட்டுக்கொள்ளும் ஆபத்து. முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று. தெம்பு இருந்தும் போக வழியிருக்காது. ஸ்டாண்டில் இருப்பவர் கண்ணுக்கு அது ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருப்பதாக மட்டுமே தெரியும். "பிடிச்சுட்டான்யா!" என்ற குரல் எங்கள் அறைவரை கேட்கும். வேண்டுமென்றே தோற்கிறான் என்ற அந்தச் சந்தேகம் சில நேரம் நியாயமாகவும் இருக்கலாம். நான் பார்த்தவரை பெரும்பாலும், பாவம், அந்த ஆளுக்கு நுழைய இடமே இருந்திருக்காது.

வேண்டுமென்றே பின்னால் உட்கார்வதும் உண்டு. முன்னால் போகும் குதிரை எதிர்காற்றைத் தாங்கிக்கொள்ளும். பின்னால் வருவதற்குத் தெம்பு மிஞ்சும். எதிரே வெட்டவெளியைக் கண்டதும் கடிவாளத்தோடு மல்லுக்கட்டும் குதிரைகூட, முன்னால் ஒன்று ஓடினால் அடங்கி ஓடும். ஆனால் எவன் பின்னால் உட்கார்வது என்பதில்தான் சாமர்த்தியம். களைக்கப் போகிற குதிரையின் பின்னால் மாட்டினால், அது பின்வாங்கும்போது நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

லாயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். இளவயதில் ரேஸ் ஓட்டியவர், பிறகு காலைப் பயிற்சி மட்டும். டீ குடிக்க வரும்போது நான் விடமாட்டேன். "ஏன்ணே, முன்னால போறவரு கொஞ்சம் ஒதுங்கினா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன். "அவன் எதுக்குத் தம்பி ஒதுங்கணும்? உள்ள வர்றது உன் இஷ்டம். ஆனா உன் குதிரை தலைய நுழைச்ச பிறகு அவன் கதவைச் சாத்தக் கூடாது. அது கொலை" என்றார்.

கொலை என்றது மிகையில்லை. அரை டன்னுக்குச் சற்றுக் குறைந்த உடம்பு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். பின்குதிரையின் முன்கால் முன்குதிரையின் குதிகாலில் பட்டால் பின்குதிரை தலைகுப்புற விழும். அதற்குப் பின்னால் வருபவர்களுக்கு விலக நேரம் கிடையாது. முந்தியவன் பின்னால் இரண்டு லெங்த் தெளிவாக விட்ட பிறகே குறுக்கே வரலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த வேகத்தில் இரண்டு லெங்த் என்பது மூன்றில் ஒரு பங்கு நொடிகூட இல்லை. வேளச்சேரி சாலையில் நம் முன்சக்கரத்தை உரசிக்கொண்டு திரும்பும் ஷேர் ஆட்டோ கொடுப்பது அதைவிடத் தாராளம்!

அதனால்தான் கத்துகிறார்கள். படத்தில் குரல் பதிவாகாது, வாய் அசைவது மட்டும் தெரியும். நான் உள்ளே இருக்கிறேன், நேராகப் போ என்பதுதான் விஷயம். அது எந்த மொழியில் வந்தாலும் காதில் விழுந்தவன் குதிரையைப் பிடித்து நேராக்குவான். குதிரை ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் சவுக்கை அந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றுவதும் இதே வகைதான். மாற்றாமல் அடித்துக்கொண்டே சாயவிட்டவன், விசாரணையில் "குதிரை தானா போயிடுச்சு சார்" என்று சொன்னால் எடுபடாது. கை எங்கே இருந்தது என்று படம் காட்டிவிடும்.

உலகத்துப் பெரிய ரேஸிலும் இதே கதைதான். அமெரிக்காவின் 2019 கென்டக்கி டெர்பியில் மேக்ஸிமம் செக்யூரிட்டி என்ற குதிரை முதலில் வந்தது. கடைசி வளைவில் அது வெளிப்பக்கம் நகர்ந்ததில் வார் ஆஃப் வில் என்ற குதிரையின் கால் கிட்டத்தட்ட அதன் காலோடு சிக்கியது. ஸ்டீவர்டுகள் 22 நிமிடம் படம் பார்த்து அதை 17-ஆம் இடத்துக்குத் தள்ளினார்கள். 65-க்கு 1 பந்தய விலையில் இருந்த, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத கன்ட்ரி ஹவுஸ் வென்றதாக அறிவிக்கப்பட்டது. மேக்ஸிமம் செக்யூரிட்டிதான் அன்றைக்குச் சிறந்த குதிரை என்று இன்னும் வாதாடுகிறார்கள். இருக்கட்டுமே. அந்தக் கால்களை மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகு எனக்கு அந்த வாதத்தில் சுவாரசியம் போய்விட்டது.

முரட்டு ரகளையும் உண்டு. 1979-இல் பிரான்சின் டோவில் நகரத்தில், தன் சவுக்கைத் தவறவிட்ட இங்கிலாந்து ஜாக்கி லெஸ்டர் பிகட், பக்கத்தில் ஓட்டிய ஜாக்கி அலென் லெக்குவின் கையிலிருந்த சவுக்கையே பிடுங்கிக்கொண்டார். 20 நாள் தடை விழுந்தது. இதைப் பெரியவரிடம் சொன்னபோது வெகுநேரம் சிரித்தார். கண்டிக்கவே இல்லை.

எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. ஓட்டத்தில் ஒருவர் உயிரை ஒருவர் காக்கும் அதே கூட்டணி, விசாரணை அறையிலும் வந்து நிற்கும். இடிபட்ட ஜாக்கியைக் கேட்டால், "பெரிசா ஒண்ணும் இல்ல சார், லேசா உரசுச்சு" என்பார். நாளைக்கு அதே ஆள் பக்கத்தில்தான் ஓட்டியாக வேண்டும். இன்று காட்டிக்கொடுத்தால் நாளை அவன் இடம் விடுவானா என்ற கணக்கு. புரிகிறது. ஆனால் இடிபட்ட குதிரைமேல் பணம் கட்டியவர் வெளியே டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் சார்பில் பேச அந்த அறையில் ஆள் இல்லை. ஸ்டீவர்டுக்கும் இது தெரியும். ஜாக்கி சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "அதை முன்னாலிருந்து போடுப்பா" என்பார்.