கொழுவின் இடத்தில் வாள்: மூன்றாவது முறை சரியாக வந்தது

நட்சத்திரக் கலப்பைக் கொடியின் வாள்முனை ஒருவழியாக நேற்று ராத்திரி படிந்து உட்கார்ந்தது. முதல் இரண்டு முயற்சிகளும் வெட்டுத்துணிப் பைக்குப் போய்விட்டன.

இது 1914இல் ஐரிஷ் குடிமக்கள் படை ஏற்றிய கொடி. 1913இல் டப்ளின் முதலாளிகள் தொழிலாளர்களை வேலைக்கு விடாமல் நடத்திய கதவடைப்பின்போது, அவர்களைப் போலீஸ் தடியடியிலிருந்து காக்க எழுந்த படை அது. பச்சைத் துணி, பொன்னிறக் கலப்பை, அதன் மேல் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு வெள்ளி நட்சத்திரங்கள். கலப்பையில் கொழு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாள்.

அந்த வாள்தான் மூன்று வாரத்தைத் தின்றது. முதல் முறை பொன்னிற சாட்டினில் கால் அங்குலம் உள்மடிப்பு விட்டேன். முனையில் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து கூர்மை மழுங்கிவிட்டது. இரண்டாம் முறை மடிப்பே வேண்டாம் என்று பின்னால் ஃப்யூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் துணி) ஒட்டி, விளிம்பில் நெருக்கமாக ஜிக்ஜாக் அடித்தேன். முனை கூராக வந்தது. ஆனால் வாளும் ஏர்க்காலும் சேரும் இடத்தில் பச்சைத் துணி சுருங்கி இழுத்தது. எவ்வளவு இஸ்திரி போட்டும் படியவில்லை.

தவறு தையலில் இல்லை, வெட்டியதில் இருந்தது. கலப்பையைத் தனியாகவும் வாளைத் தனியாகவும் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். படத்தை மறுபடி உற்றுப் பார்த்தபோதுதான் உறைத்தது: வாள் கலப்பையோடு சேர்த்த பொருள் அல்ல, அதுவேதான் கொழு. மூன்றாம் முறை ஒரே துண்டாக வெட்டினேன். முனையிலிருந்து தொடங்காமல் மேழிப் பக்கமிருந்து தைத்து வந்தேன். சுருக்கமே இல்லை.

தைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் படையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கொனொலிதான் நினைவில் இருந்தார். ஆங்கிலேயப் படையை விரட்டி டப்ளின் கோட்டையில் பச்சைக்கொடி ஏற்றினாலும், சோசலிசக் குடியரசு அமைக்காவிட்டால் பயனில்லை என்று 1897இலேயே எழுதியவர். ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் இந்தக் கொடி பறந்தது இம்பீரியல் ஹோட்டல் மேல். அந்த ஹோட்டல் கதவடைப்பை நடத்திய முதலாளி வில்லியம் மார்ட்டின் மர்ஃபியுடையது. அதைவிடப் பொருத்தமான கூரை டப்ளினில் இருந்திருக்காது. அந்த வாரம் எதிரே, எழுச்சியின் தலைமையகமான தபால் நிலையத்தில் அப்பாவோடு இருந்த மகன் ரோடிக்கு 15 வயது. 1921இல் அயர்லாந்தின் முதல் கம்யூனிஸ்ட் கட்சிக்கு அவர்தான் தலைமை தாங்கினார். முழுக் குடியரசு தராமல் பிரிட்டனோடு செய்துகொண்ட ஆங்கிலோ-ஐரிஷ் ஒப்பந்தத்தை அந்தக் கட்சி எதிர்த்து, உள்நாட்டுப் போரில் குடியரசுவாதிகள் பக்கம் நின்றது.

துணி பற்றி ஒரு வார்த்தை. பச்சைக்குப் பாப்ளின் எடுங்கள், ஆனால் தைப்பதற்கு முன் இரண்டு முறை அலசிவிடுங்கள். சாயம் போகாது என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த துணி முதல் அலசலிலேயே வாளியைப் பச்சையாக்கியது. மீட்டருக்கு 20 ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை, சாயம் நிற்கிற துணியாக வாங்குங்கள்.

அசல் கொடி நீலமா பச்சையா என்று நீண்ட காலம் சர்ச்சை இருந்தது. படையின் செயலாளராக இருந்த ஷான் ஓ கேசி நீலம் என்றார். அருங்காட்சியகத்தில் இருப்பது பச்சை. நீலத்தில் வெள்ளை நட்சத்திரங்கள் மட்டும் உள்ள வடிவம், ஐஆர்ஏவிலிருந்து (ஐரிஷ் குடியரசுப் படை) பிரிந்த இடதுசாரிகள் 1934இல் தொடங்கிய குடியரசுக் காங்கிரசுடையது. அடுத்து அதைத்தான் தைக்கப் போகிறேன், ஏனென்றால் அந்த ஆண்டு என்னை விடுவதாக இல்லை. ஜூனில் பெல்ஃபாஸ்டின் ஷாங்கில் சாலைப் புராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள் காங்கிரசோடு சேர்ந்து, ஐரிஷ் குடியரசுவாதத்தின் தந்தை எனப்படும் உல்ஃப் டோனின் கல்லறைக்கு ஊர்வலமாக வந்தார்கள். அவர்களுடைய பதாகைகளைப் பறிக்கப் பாய்ந்தவர்கள் ஐஆர்ஏ ஆட்கள். செப்டம்பரில் ராத்மைன்ஸ் மாநாட்டில் காங்கிரசே உடைந்தது. தொழிலாளர் குடியரசு என்று அறிவிக்க வேண்டும் என்றது ஒரு பக்கம், அதில் ரோடியும் இருந்தார். குடியரசு என்ற பெயரில் பரந்த முன்னணி வேண்டும் என்றது காங்கிரசைத் தொடங்கியவர்களில் ஒருவரான பேடர் ஓ டொனல் பக்கம். 1933இல் மறுபடி அமைந்த கம்யூனிஸ்ட் கட்சி ஓ டொனலை ஆதரித்தது. கொனொலியின் பிள்ளைக்கு எதிராக அவர்கள் கை தூக்கியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

சரி, பச்சைக்கொடிக்கு இன்னும் நட்சத்திரங்கள் பாக்கி. வெள்ளி ஜரிகை நூல் மெஷினில் அறுந்துகொண்டே இருக்கிறது. 90ஆம் நம்பர் ஊசி மாற்றி, இழுவிசையைத் தளர்த்தி, வசிஷ்டரில் தொடங்கப் போகிறேன்.