உருக்கி வார்த்த நாடு எது?

கனடாவின் ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கடை அடுக்குகள் செய்கிறோம். மருந்துக்கடைக்குள் போனால் ஷாம்பு போத்தல்களைத் தாங்கிக்கொண்டு நிற்குமே, அந்த உருக்குத் தகட்டுத் தட்டுகள். அவற்றின் முன்விளிம்பில் விலைச்சீட்டைச் செருகும் பிளாஸ்டிக் பட்டியும் எங்களுடையதுதான். பத்து லொறி வெளியே போனால் ஏழு அமெரிக்காவுக்குப் போகும். பெரும்பாலும் ஒகாயோவுக்கும் பென்சில்வேனியாவுக்கும். நான் ஷிப்பிங்கில் இருக்கிறேன். பெட்டி எண்ணுவது, லொறியில் ஏற்றுவிப்பது, கடதாசி நிரப்புவது. இருபத்து மூன்று வருடமாக இதே டொக், இதே மேசை.

2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. விடிய ஐந்தரைக்கு லொறி ஏற்றி முடிந்து நின்றது. நள்ளிரவு தாண்டியதும், அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் கனேடியப் பொருள்களுக்குப் போட்ட 25 வீத வரி தொடங்கிவிட்டது. பஞ்சாபி ஓட்டுநர் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு வந்து, “போறதா, நிக்கிறதா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. எல்லையூரான ஃபோர்ட் ஈரியில் இருக்கும் சுங்கத் தரகரின் தொலைபேசி விடாமல் பிஸி. பதில் தெரிந்த ஒரே ஆள் அந்த நேரம் வோஷிங்டனில் நல்ல நித்திரையில் இருந்திருப்பார்.

அமெரிக்காவுக்குப் பக்கத்தில் வாழ்வது யானைக்குப் பக்கத்தில் படுப்பதைப் போன்றது என்று அன்றைய கனேடியப் பிரதமர் பியர் ட்ரூடோ 1969இல் வோஷிங்டனிலேயே போய்ச் சொன்னார். யானை எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அது புரண்டால் உனக்குத் தெரியும் என்பது கருத்து. நாங்கள் யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று சொல்லி வளர்ந்த ஆட்கள். இந்த யானையின் மணி கைபேசியில் அடித்தது. 2024 நவம்பர் 25 இரவு வரி வரும் என்றது. பெப்ரவரி 1 கையெழுத்து. பெப்ரவரி 3, முப்பது நாள் பொறு. மார்ச் 4 தொடக்கம். மார்ச் 6, குஸ்மா என்ற கனடா, அமெரிக்கா, மெக்சிக்கோ வர்த்தக ஒப்பந்தத்துக்குள் அடங்கும் பொருள்களுக்கு விலக்கு. வரிக்கு முன்னால் சாமானை எடுத்துவிட வேண்டும் என்று ஒகாயோக்காரர் அவசரப்பட, பெப்ரவரி முழுக்க எங்களுக்கு ஓவர்டைம். அந்தக் காசில் ஒருவர் புது பிரிட்ஜ் வாங்கினார். மே மாதம் அவருக்கு வேலை நேரம் குறைந்துவிட்டது.

மார்ச் 6ஆம் திகதி விலக்கு வந்ததும் சிரிப்பும் அழுகையுமாகிவிட்டது. குஸ்மா 2020 ஜூலையில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. எங்கள் சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு வழமையான அமெரிக்க வரியே பூச்சியம்தான். ஆகவே ஒப்பந்தச் சலுகையைக் கேட்டு ஐந்து வருடமாக நாங்கள் மினக்கெடவில்லை. முன்பு, நாஃப்டா என்ற பழைய ஒப்பந்தத்தின் காலத்தில் இதற்கென ஒரு படிவமாவது இருந்தது. குஸ்மாவில் படிவமும் இல்லை. ஒன்பது விபரங்களை இன்வொய்ஸிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டால் சரி. அந்த ஒன்பது வரியை எழுதாத சோம்பல் இப்போது 25 வீதம். அந்த வார இறுதியில் நூற்றுக்கு மேற்பட்ட சாமான்களுக்கு உட்கார்ந்து எழுதினேன். எந்தத் திருகாணி எந்த நாட்டிலிருந்து வந்தது, பிளாஸ்டிக் குருணை எங்கே செய்தது என்று தோண்டத் தோண்ட, எங்கள் பொருள் எவ்வளவு கனேடியப் பொருள் என்பதே எனக்கு முதன்முறையாகத் தெரிந்தது. எங்களுடைய நாட்டுப்பற்றும் அப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறேன். தேவைப்படவில்லை, ஆகவே எழுதி வைக்கவில்லை.

பிளாஸ்டிக் பட்டி தப்பிவிட்டது. உருக்குத் தட்டு தப்பவில்லை.

உருக்கு வேறு கணக்கு. மார்ச் 12இல் 25 வீதம், ஜூன் 4இல் 50. இதற்குக் குஸ்மா உதவவில்லை. தேசியப் பாதுகாப்பு என்று 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பேரில் போட்ட வரி. 2018இலும் இதே சட்டத்தில் கனடாவுக்கு 25 வீதம் போட்டு, ஒரு வருடம் முடிவதற்குள் எடுத்தார்கள். ஒகாயோ மருந்துக்கடையில் ஷாம்பு நிற்கும் தட்டு அமெரிக்காவின் பாதுகாப்புக்கு என்ன கெடுதல் செய்யும் என்று எங்கள் வெல்டர்கள் சாப்பாட்டு நேரத்தில் ஆராய்ச்சி செய்தார்கள். ஆக ஒரே லொறியில், ஒரே கடைக்குப் போகும் இரண்டு சாமான்கள். ஒன்று அந்த ஒன்பது விபரங்களோடு சும்மா போனது. மற்றதில் உருக்கின் பெறுமதியில் பாதி வரியாகப் போனது.

அப்போதுதான் தரகர் அந்தக் கேள்வியைக் கேட்டார். உங்கள் தகட்டை உருக்கி வார்த்த நாடு எது?

தட்டைச் செய்த நாடு எது என்று அவர்கள் கேட்கவில்லை. தகட்டை உருட்டிய நாட்டையும் கேட்கவில்லை. முதன்முதல் உருக்கித் திரவமாக்கி, வார்த்துக் கட்டியாக்கிய நாடு எது என்பதுதான் கேள்வி. அது அமெரிக்காவானால் எங்கள் தட்டுக்கு அந்த வரி இல்லை என்பது அப்போதைய விதி. சுருள் சுருளாக வரும் தகட்டின் உட்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் ஹீட் நம்பர் என்று ஓர் இலக்கம். எந்த உலையில் எந்த வார்ப்பு என்பதைச் சொல்லும் இலக்கம் அது. ஆலை அனுப்பும் மில் சேர்ட் என்ற சான்றிதழில் அதே இலக்கம் இருக்க வேண்டும். இருபது வருடமாக அந்தச் சீட்டின்மேல்தான் நான் எங்கள் ஸ்டிக்கரை ஒட்டி வந்திருக்கிறேன். இப்போது பிளேடால் சுரண்டி எடுத்து, டோர்ச் அடித்து வாசித்தேன்.

ஹமில்ட்டன். எல்லாமே ஹமில்ட்டன்.

ரொறன்ரோவிலிருந்து நயாகரா போகிறவர்கள் பாலத்தில் ஏறும்போது ஏரிக்கரையில் புகைபோக்கிகள் தெரியுமே, அந்த ஊர். அங்கே இருக்கும் ஸ்டெல்கோவை 2024 நவம்பரில் ஓர் அமெரிக்க உருக்குக் கம்பனியே வாங்கி முடித்திருந்தது என்பது தனி வேடிக்கை. ஆலை அமெரிக்கனுடையதாகலாம், உலை கனடாவில் நின்றால் வரி உண்டு.

முதலாளி கணக்குப் போட்டார். கனடா பதிலுக்கு அமெரிக்க உருக்கின்மேல் 25 வீதம் போட்டிருந்தது. ஆனால் ஏப்ரல் நடுவில், உற்பத்திக்காக அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் பொருள்களுக்கு ஆறு மாத விலக்கு என்று ஒட்டாவா அறிவித்தது. அது இல்லாவிட்டால் எத்தனையோ தொழிற்சாலைகள் மூடியிருக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் கணக்கு எங்கே வந்து முடிந்தது என்று பாருங்கள்: ஒகாயோ உருக்கை வாங்கி, ஸ்காபரோவில் மடித்து, திரும்ப ஒகாயோவுக்கு அனுப்பினால் பிழைப்போம். அவருடைய அறைக்கதவில் ‘முழங்கையை உயர்த்து’ என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஹொக்கியில் கோர்டி ஹோ மூலையில் புகுந்து விளையாடும் பாணியிலிருந்து வந்த சொல். அந்த வசந்தத்தில் நாடு முழுக்க அதுதான் கோஷம். அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்துதான் ஒகாயோ ஆலைக்கு ஓடர் போனது. அவரை நான் பழிக்கவில்லை. தட்டச்சு செய்தது நான்.

அதே மாதங்களில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மேப்பிள் இலைக் கொடி ஏறியது. 2022 பெப்ரவரியில் கொவிட் கட்டுப்பாடுகளை எதிர்த்து, வின்ட்சரில் அமெரிக்கா போகும் அம்பாசடர் பாலத்தை ஒரு வாரத்துக்குக் கிட்ட மறித்தவர்களும் இதே கொடியைத்தான் போர்த்தியிருந்தார்கள்; அப்போது எங்கள் லொறிகளை சார்னியா வழியாகச் சுற்றி அனுப்பினேன். அதற்குப் பிறகு கொடியைக் கண்டால் யாருடைய கொடி என்று யோசிக்கும் நிலை இருந்தது. அதை எங்களுக்கு மீட்டுத் தந்தவர் ட்ரம்ப். கனடா அமெரிக்காவின் 51ஆவது மாநிலம் என்று அவர் சொல்லச் சொல்ல, அதுவரை அரசியல் கதைக்காத என் மனைவி கடையில் தோடம்பழத்தின் ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்.

பெரிய நாட்டுக்குப் பக்கத்தில் இருப்பது எனக்குப் புதிதில்லை. 1987 ஜூன் 4இல் யாழ்ப்பாணத்தின் மேல் இந்திய விமானங்கள் உணவுப் பொதி போட்டபோது கைதட்டிய பெடியன்களில் நானும் ஒருவன். அடுத்த மாதம் ஒப்பந்தம், பிறகு படை, ஒக்டோபரில் சண்டை. அதிலிருந்து, பெரிய அண்ணன் பொதி போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். 1991 மாரியில் அமெரிக்காவின் பஃபலோவில் ஓர் அகதிகள் விடுதியில் தங்கி, பீஸ் பிரிட்ஜ் என்ற எல்லைப் பாலம் தாண்டி ஃபோர்ட் ஈரியில் வந்து அகதி என்று சொன்னேன். அந்த வழி 2004 டிசம்பர் கடைசியில், இரு நாடுகளும் செய்த ஒப்பந்தத்தால் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. நான் அனுப்பும் லொறிகள் இப்போது அதே பாலத்தால் எதிர்ப்பக்கம் போகின்றன. இந்தக் கதையைக் கேட்ட போலந்துக்கார வெல்டர் என்னைப் பார்த்து, “உன்னை உருக்கியது எங்கே, வார்த்தது எங்கே? உனக்கு எத்தனை வீதம்?” என்று கேட்டார். மூன்று நாள் அதே பகிடி.

ஏப்ரல் 28 தேர்தலில் எங்கள் டொக்கில் பலர் தாங்கள் வழமையாகப் போடாத கட்சிக்குப் போட்டார்கள். ஜனவரியில் கருத்துக்கணிப்புகளில் 20 புள்ளிகளுக்கு மேல் முன்னால் நின்ற கன்சர்வேட்டிவ் தலைவர் பியர் பொலியேவ், 2004இலிருந்து தன்னிடம் இருந்த ஒட்டாவாத் தொகுதியையே இழந்தார். வீட்டு வாடகை, சாப்பாட்டு விலை என்று அவர் பேசியதில் நிறைய உண்மை இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் வேலியைப் பிடுங்கும்போது அடுப்படிக் கணக்குப் பேசியவராகிவிட்டார். லிபரல் தலைவர் மார்க் கார்னி 169 இடம் எடுத்தார். பெரும்பான்மைக்கு மூன்று குறைவு. மே மாதம் சார்ள்ஸ் மன்னரை அழைத்து ஒட்டாவாவில் சிம்மாசன உரை வாசிக்க வைத்தார். குடியுரிமை எடுத்த நாளில் மகாராணிக்கும் அவரது வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தபோது, வெள்ளைக்காரன் ஆண்ட தீவிலிருந்து வந்தவனுக்குச் சிரிப்பு வந்தது. அன்று டிவியில் பார்த்தபோது சிரிக்கவில்லை. யானையிடமிருந்து காக்கக் கிழச்சிங்கமாவது வரட்டும் என்றிருந்தது.

பிறகு கார்னியும் இறங்கி வந்தார். ஜூன் கடைசியில் பெரிய இணையக் கம்பனிகளுக்கான டிஜிட்டல் வரியைக் கைவிட்டார். செப்டம்பர் 1இல் பதில் வரிகளில் பெரும்பகுதியை எடுத்தார். உருக்கு, அலுமினியம், வாகனங்கள்மேல் மட்டும் வைத்துக்கொண்டார். முழங்கை கீழே வந்துவிட்டது என்று எங்கள் வெல்டர்கள் ஏசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏற்றுமதியில் முக்கால்வாசியை ஒரே வாடிக்கையாளனுக்கு விற்றுவந்த நாடு கனடா. எங்கள் டொக்கும் அப்படித்தான். மத்திய வங்கி நடத்திய மனிதருக்கு அது தெரியாமலிருக்காது. ஆனாலும் தேர்தல் மேடையில் அவர் அதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஹமில்ட்டனிலிருந்து வியாழக்கிழமைதோறும் தகட்டு லொறி வரும். பத்து வருடமாக ஒரே ஓட்டுநர். தன் வீட்டுத் தோட்டத்துத் தக்காளியை ஓகஸ்டில் பையில் போட்டுத் தருவார். நான் எங்கள் வீட்டு வடை கொடுப்பேன். 2025 ஜூலையில் ஒரு வியாழன் மூன்று சுருள் கொண்டுவந்தார். வாங்கிய சீட்டில் கையெழுத்துப் போட்டேன். ஓடரை நிறுத்தச் சொல்லும் மின்னஞ்சலை முந்தின நாள் பின்னேரம் நான்தான் அனுப்பியிருந்தேன். அவருக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தக்காளி இந்த முறை பிந்தும், மழை காணாது என்றார். பிறகு லொறியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, அடுத்த வியாழன் பார்ப்போம் என்றார். நானும் பார்ப்போம் என்றேன்.