பழைய ஃபோர்-பை-ஃபோர் வாங்குகிறீர்களா? முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்

பெயின்ட்டைப் பார்த்து, ஏசியைப் போட்டுப் பார்த்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். தார், ஜிப்ஸி, வி-கிராஸ் மாதிரி நாலு சக்கரத்தையும் இன்ஜின் சுழற்றும் ஃபோர்-பை-ஃபோர்கள் லேடர் ஃபிரேம் வண்டிகள், அதாவது ஏணி மாதிரியான இரும்புச் சட்டத்தின் (சேஸி) மேல் பாடியை உட்கார வைத்தவை. அவற்றுக்கு அது போதாது. பெங்களூரில் இன்ஜின் சாமான் வேண்டுமென்றால் ஜேசி ரோடு இருக்கிறது. கதவு, பானெட் எல்லாம் சிவாஜிநகர் குஜிரியில் (பழைய சாமான் சந்தையில்) தேடிப் பிடிக்கலாம். ஆனால் சேஸி அரித்துப்போன வண்டியை விட்டுவிடுங்கள். வண்டியின் நம்பரே அதில்தான் அடித்திருக்கிறது. மாற்றப் போனால் ஆர்டிஓவில் அலைச்சல்தான்.

ஒரு பாய், டார்ச், பெரிய ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேஸியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று பேசும். உள்ளே அரித்திருந்தால் 'பொத்' என்று சத்தம் செத்துவிடும். பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சேறு தங்கும், அங்கேதான் முதலில் அரிக்கும். அந்த இடத்தில் மட்டும் புதுசாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். மங்களூர்ப் பக்கம் ஓடிய வண்டி என்றால் உப்புக்காற்றை நினைத்து இரண்டு மடங்கு நேரம் செலவிடுங்கள். சிக்மகளூர், குடகு எஸ்டேட் வண்டி என்றால் கிளட்ச்சும் முன் ஆக்ஸிலும் தேய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டே விலை பேசுங்கள்.

அடுத்தது ஃபோர்-பை-ஃபோர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பது. லீவர் நகர்கிறது, டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது என்பதெல்லாம் ஆதாரமே இல்லை. மண் தரையில் ஃபோர் ஹை (நாலு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போட்டு, முன் சக்கர நடுவில் இருக்கும் ஹப்பைக் கையால் பூட்டும் வண்டி என்றால் பூட்டி, நாலடி முன்னால் ஓட்டி நிறுத்துங்கள். முதல் கியரைப் போட்டு இன்ஜினை அணையுங்கள். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். லேசான ஆட்டத்தைத் தவிர, அது சுற்றக் கூடாது. சும்மா சுற்றினால் ஹப், ஆக்ஸில் ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) ஃபோர்க் இவற்றில் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது.

சக்கரம் தூக்கியபடி இருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வீல் பேரிங், அல்லது கிங்பின், பால் ஜாயின்ட். பக்கவாட்டில் ஆடினால் டை ராட். தார்ச்சாலையில் ஃபோர் ஹை போட்டு ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்காதீர்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு, முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் இல்லை. திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். வழுக்க இடமில்லாத ரோட்டில் அந்த வித்தியாசம் கியர்களை முறுக்கும். டயர் நாலும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

முன் டிஃபரன்ஷியலின் ஃபில்லர் பிளக்கை (ஆயில் ஊற்றும் துளையின் மூடியை) கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் வண்டி ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடித்திருக்கிறது. பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் இரும்புத் தூள் மாவு போல ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாக இருந்தால் பல் உடைகிறது. பிளக்கைக் கழற்றவே விடமாட்டேன் என்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் போங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் தேய்ந்துவிட்டது.

கடைசியாகப் பேப்பர். டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடையை உறுதி செய்த பிறகு, அங்கிருந்து நிறைய வண்டிகள் மலிவாக வெளி மாநிலங்களுக்கு வந்தன. விலையைப் பார்த்து மயங்காதீர்கள். கர்நாடகத்தில் மறுபதிவு செய்து ஆயுள் வரி கட்டும் செலவையும் சேர்த்துக் கூட்டுங்கள். 15 வருடம் நெருங்கும் வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க ஃபிட்னஸ் வேறு எடுக்க வேண்டும். லோன் இருந்த வண்டி என்றால் ஃபாரம் 35 (லோன் பதிவை ஆர்சியிலிருந்து நீக்கும் படிவம்), வெளி மாநில வண்டி என்றால் என்ஓசி (பழைய ஆர்டிஓவின் தடையின்மைச் சான்று), இரண்டும் கைக்கு வரும்வரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.