விலை இறங்கினால் எங்களுக்கு நட்டம்

கிருஷ்ணகிரியில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய பெட்ரோல் பங்க் ஒன்றில் கணக்கும் இருப்பும் பார்க்கிறேன். எண்ணெய் விலை சரிந்தால் எல்லோருக்கும் கொண்டாட்டம் என்று நினைப்பவர்கள் எங்கள் இருப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். முன்பணம் கட்டினால்தான் டேங்கர் வரும். இறக்கிய டீசல் விற்பதற்குள் விலை இறங்கினால், அந்த நட்டம் பங்க் உரிமையாளர் தலையில். 2021 தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை, டீசல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 10 ரூபாய் குறைப்பதாக மத்திய அரசு அறிவித்தது. பண்டிகைக்காகத் தொட்டியை நிரப்பி வைத்திருந்தோம். 12,000 லிட்டருக்கு 1,20,000 ரூபாய். கணக்குப் போட ஆளே தேவையில்லை. ஊரே பட்டாசு வெடித்தது, முதலாளி யாரிடமும் பேசவில்லை.

சரக்கு வைத்திருப்பவனின் பயம் எனக்குப் பழகிப்போனதால், எண்ணெய் நாடுகளின் சண்டையைச் செய்தித்தாளில் படித்தால் அது அயலார் வீட்டு விவகாரமாகத் தெரிவதில்லை. ஒரு நாடு உற்பத்தியைக் குறைத்தால் விலை ஏறும். ஏறிய விலையில் முழு லாபம் பார்ப்பதோ குறைக்காதவன். 2014 நவம்பரில் வியன்னாவில் கூடிய, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கின் கூட்டத்தில் சவுதி அரேபியா குறைக்க மறுத்ததன் காரணம் இதுதான். பாறை அடுக்குகளை உடைத்து எண்ணெய் எடுக்கும் அமெரிக்க ஷேல் நிறுவனங்களுக்குச் செலவு அதிகம். விலை விழுந்தால் அவை மூடிக்கொண்டு போகும் என்பது கணக்கு. அந்த ஆண்டின் நடுவில் 100 டாலரைத் தாண்டியிருந்த பீப்பாய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. ஷேல்காரர்கள் பலர் திவாலானார்கள். தாக்குப்பிடித்தவர்கள் குறைந்த செலவில் துளையிடக் கற்றுக்கொண்டார்கள். 2016 முடிவதற்குள் சவுதி, ரஷ்யாவையும் சேர்த்துக்கொண்டு குறைப்புக்கே திரும்பியது. பெருந்தன்மையாகச் சொன்னால் சமரசம். என்னைக் கேட்டால் தோல்வி.

அந்தக் கூட்டும் 2020 மார்ச்சில் உடைந்தது. மேலும் குறைக்க ரஷ்யா மறுத்தது. சவுதி விலையை வெட்டி, உற்பத்தியைத் திறந்துவிட்டது. அதே மாதம் இங்கே ஊரடங்கு. தொப்பூர் கணவாய் ஏறி வரும் லாரிகள் அரிதாகின. தொட்டியில் அளவுகோலை விட்டால் முந்தைய நாள் மட்டமே காட்டியது. அமெரிக்காவின் குஷிங் சேமிப்புக் கிடங்குகளிலும் இடம் தீர்ந்துகொண்டிருந்தது. ஏப்ரல் 20 அன்று அங்கே, மே மாதம் எண்ணெயை எடுத்துக்கொள்வதற்கான ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை எடுத்துப்போகிறவனுக்கு விற்பவன் பணம் கொடுக்கும் நிலை. சவுதியும் ரஷ்யாவும் சமாதானமாகி, உற்பத்தியைக் குறைக்க ஒப்புக்கொண்டு ஒரு வாரம் கழித்து நடந்தது இது.

“அங்கே சும்மா கொடுக்கிறார்களாமே சார், இங்கே ஒரு ரூபாய்கூடக் குறையவில்லையே?” என்று டிரைவர்கள் கேட்டார்கள். மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாய், மே மாதம் டீசலுக்கு 13 ரூபாய் என்று கலால் வரி ஏறியதைச் சொன்னேன். சவுதியும் ரஷ்யாவும் அடித்துக்கொண்டதில் விழுந்த விலை, வரியாக அரசுக் கஜானாவுக்குப் போயிற்று. இதை டீ குடிக்க நின்றவரிடம் ஐந்து நிமிடத்தில் புரியவைப்பது தொட்டி கழுவுவதைவிடக் கடினம்.

விலையில் போட்டி போடும் உரிமை எங்களுக்கு இல்லை. ஊரில் எந்த பங்க்குக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே விலை. ஆனால் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி போனால் கர்நாடக வரி. டீசல் விலை எங்களைவிடக் குறைவு. லாரி முதலாளிகளைப் பிடித்துவைக்க எங்களிடம் இருப்பது கடன் கணக்கு ஒன்றுதான். பெரிய விற்பனையாளர்களும் ஏதாவது சலுகை கொடுத்துத்தான் வாடிக்கையாளரைப் பிடிக்கிறார்கள். 2022 உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பா கைவிட்ட எண்ணெயை ரஷ்யா தள்ளுபடியில் கொடுத்தது. நம் இறக்குமதியில் சுமார் 2 சதவீதமாக இருந்த அதன் பங்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ஈராக், சவுதி போன்ற நாடுகள் இடம் இழந்தன.

2024 ஜூனில் கர்நாடகம் டீசல் மீதான விற்பனை வரியை உயர்த்தியதும் இடைவெளி சுருங்கியது. அத்திப்பள்ளிக்குப் போன இரண்டு மூன்று லாரி முதலாளிகள் மறுபடியும் கடன் கணக்கு கேட்டு வந்தார்கள். பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுப் பேசச் சொல்லிவிட்டார் முதலாளி.