3 லட்சத்திலிருந்து 5 லட்சத்துக்கு

“ஆளு கூடியிருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ரேங்க் ஏன் தம்பி இறங்குது?”

மாவட்டச் செய்தித் தளம் நடத்தும் ஒரு பெரியவரின் கேள்வி இது. இணையதளங்களை வருகையை வைத்து வரிசைப்படுத்திய அலெக்ஸா பட்டியலில் (பேசும் அலெக்ஸா அல்ல) அவருடைய தளம் 3 லட்சத்துச் சொச்சத்தில் இருந்தது. மூன்றே மாதத்தில் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தளத்துக்கு வந்த ஒவ்வொரு கோரிக்கையும் பதிவாகும் சர்வர் லாகிலோ வருகை கூடியிருந்தது. “அந்த நம்பரை மறந்துடுங்கய்யா, அதுல ஒண்ணுமில்ல” என்று பதில் சொன்னேன். பதிலில் பிழையில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அலெக்ஸா எந்தத் தளத்தின் சர்வரையும் எட்டிப் பார்த்ததில்லை. தன் டூல்பாரையும் பிறகு சில எக்ஸ்டென்ஷன்களையும் (பிரவுசரில் சேர்க்கும் சிறு துணைக் கருவிகள்) போட்டிருந்தவர்கள் எங்கெல்லாம் போனார்கள் என்பதை வைத்து மொத்தத்தையும் கணித்தது. கடைசி மூன்று மாதத்தில் தினசரி வந்த தனி ஆட்கள், அவர்கள் பார்த்த பக்கங்கள் இரண்டையும் சேர்த்ததே ரேங்க். எக்ஸ்டென்ஷன் இருந்தது கம்ப்யூட்டர் பிரவுசரில். பெரியவரின் வாசகர்களோ போனுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். போனில் உள்ள குரோமில் எக்ஸ்டென்ஷன் போட வழியே இல்லை. கூடிய கூட்டமெல்லாம் எண்ணுவதற்கு ஆளில்லாத வாசல் வழியாக வந்தது.

இன்னொன்று, பட்டியலின் வால். முதல் நூறு தளங்களுக்குள் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பெரிய இடைவெளி இருக்கும். 4 லட்சத்தைத் தாண்டினால் ஆயிரக்கணக்கான தளங்கள் ஏறக்குறைய ஒரே அளவு வருகையோடு நெருக்கியடித்து நிற்கும். அங்கே எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கும் நாலு பேர் ஊருக்குப் போனாலே இடம் மாறிவிடும். 1 லட்சத்தைத் தாண்டிய ரேங்கை நம்பத்தக்கதாகக் கொள்ள வேண்டாம் என்று அலெக்ஸாவே சொல்லி வைத்திருந்தது.

இதையெல்லாம் அவருக்கு விளக்கியாயிற்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிதான் தம்பி. நகைக்கடைக்காரருக்கு இதை யாரு சொல்றது?” என்றார்.

தளத்தின் பெரிய விளம்பரம் அந்த நகைக்கடையுடையது. கடைக்கு விளம்பரம் பார்க்கிறவர் மாதாமாதம் கேட்டது ரேங்க் ஒன்றைத்தான்.

ஏற்றிக் காட்ட வழி இருந்தது. அலுவலகத்துப் பத்துக் கம்ப்யூட்டரிலும் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, தினமும் தளத்தைத் திறந்து நாலைந்து பக்கம் புரட்டினால் போதும். அந்த ஆழத்தில் அதற்கே நம்பர் அசையும். வேண்டாம் என்று சொன்னது சரி. அதில் சந்தேகமில்லை.

சந்தேகம் இரண்டாவது வழியில். அலெக்ஸாவுக்கு மாதச் சந்தா கட்டி, அவர்கள் தரும் கோட் துணுக்கைத் தளத்தில் ஒட்டினால் வருகையை நேரடியாக எண்ணி ரேங்க் தருவார்கள். அதைச் சொல்லவில்லை. காசு கட்டியவர்களின் நேரடிக் கணக்கும் கட்டாதவர்களின் உத்தேசக் கணக்கும் ஒரே வரிசையில் நிற்பது முறையல்ல என்பது அப்போதைய நினைப்பு. இப்போதும் அப்படித்தான். ஆனால் அந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டியவர் அவரல்லவா? அடுத்த மாதம் விளம்பரம் நின்றுவிட்டது. ரேங்கால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கடைக்காரர் காரணம் சொல்லவில்லை.

2022 மே 1 அன்று அலெக்ஸாவை மூடினார்கள். பட்டியல்கள் மட்டும் ஓயவில்லை. சிஸ்கோ அம்ப்ரெல்லா எண்ணுவது டிஎன்எஸ் கேள்விகளை, அதாவது ஒரு டொமைனின் முகவரி எண் என்ன என்று கருவிகள் கேட்பதை. மனிதர் யாரும் திறக்காத, ஆப்கள் பின்னணியில் கூப்பிடும் டொமைன்கள்கூட அதில் மேலே வரும். மெஜஸ்டிக் பார்ப்பது பிற தளங்கள் தரும் இணைப்புகளை, வாசகர்களை அல்ல. டிராங்கோ பல பட்டியல்களை 30 நாளுக்குச் சராசரி எடுக்கிறது. ஆய்வாளர்களுக்கு அது உதவும், மாவட்டச் செய்தித் தளத்துக்கு உதவாது. இவற்றில் நேர்மையானது என்று எனக்குப் படுவது கிளவுட்ஃப்ளேர் ரேடார். முதல் நூறை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு, மற்றவற்றை முதல் ஆயிரத்துக்குள், முதல் பத்தாயிரத்துக்குள் என்று கொத்தாகத்தான் தருகிறது. துல்லியம் இல்லாத இடத்தில் துல்லியம் காட்டுவதில்லை.

விளம்பரக்காரரிடம் கொடுக்க ஒரு தாள் போதும் என்று இப்போது தோன்றுகிறது. கூகுள் தேடலிலிருந்து வந்தவர்களைக் காட்டும் சர்ச் கன்சோலில் கடைசி 28 நாள் கிளிக். லாகில் 200 என்று, அதாவது சரியாகத் திறந்ததாக, பதிவான பக்கங்கள் மட்டும். படங்களும் ஸ்கிரிப்ட் ஃபைல்களும் நீங்கலாக. பாட்களை, அதாவது ஆளில்லாமல் தானாக வந்து படிக்கும் நிரல்களை, கழிக்கும்போது பெயரை மட்டும் நம்பக் கூடாது. கூகுளின் பாட்டான கூகுள்பாட் என்று யார் வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொண்டு வரலாம். வந்தவரின் ஐபி முகவரியிலிருந்து டொமைனையும், அந்த டொமைனிலிருந்து திரும்ப ஐபியையும் பார்த்து, டொமைன் கூகுளுடையதாக இருந்து ஐபியும் பொருந்தினால்தான் நிஜம். போனில் வந்தவர் எத்தனை, கம்ப்யூட்டரில் வந்தவர் எத்தனை. அந்த மாவட்டத்திலிருந்து வந்தவர் எத்தனை. ஐபியை வைத்து ஊரைச் சொல்வது உத்தேசம்தான் என்ற குறிப்போடு. நகைக்கடை விளம்பரத்தை அழுத்தியவர் எத்தனை.

அரை நாள் வேலை அது. “மறந்துடுங்கய்யா” என்பதற்குப் பதில் அந்தத் தாளைக் கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தாலும் கடைக்காரர், “அதெல்லாம் சரி, ரேங்க் எத்தனை?” என்றே கேட்டிருக்கக்கூடும்.